ஒரு பெட்டி, பல பெயர்கள்

மின்னஞ்சலில் மாற்றுப் பெயர் வைத்துக்கொள்வது எப்படி?

புனே நகரத்தில் கட்கி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ராணுவக் குடியிருப்பு உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலை உண்டு. ரயில் நிலையம் உண்டு. வேலை தேடிப் பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து மக்கள் புனேக்குப் போனார்கள். இன்றும் கட்கியில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன.

அப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அம்மா தையல் வேலை செய்கிறார். வாசலில் ஒரு தையல் இயந்திரம். உள்ளே ஒரு அறை, ஒரு சமையலறை.

அந்த அம்மாவுக்கு எத்தனை பெயர்கள்?

ரேஷன் கார்டில் ஒரு பெயர். தெருவில் உள்ள தமிழர்களுக்கு அவர் "டெய்லர் அக்கா". மராத்திக் குழந்தைகளுக்கு அவர் "மாவ்ஷி". மராத்தியில் மாவ்ஷி என்றால் சித்தி, பெரியம்மா. மாடி வீட்டுக்காரர்களுக்கு அவர் "கீழ்வீட்டம்மா".

பெயர் நான்கு. ஆள் ஒருவர்தான். வாசலும் ஒன்றுதான்.

தபால்காரருக்கு இது நன்றாகத் தெரியும். கடிதத்தின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் அதே வாசலில் கொண்டுவந்து கொடுப்பார்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வெளியே யாரோ "மாவ்ஷி" என்று கூப்பிடுகிறார்கள். அம்மா எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் யார் என்று தெரிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைதான். கூப்பிடும் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மின்னஞ்சலிலும் இப்படிப் பல பெயர்கள் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மாற்றுப் பெயர் என்று பெயர். அது எதற்கு, எப்படி என்று பார்க்கலாம்.

மின்னஞ்சல் முகவரியைப் படிப்பது எப்படி?

மின்னஞ்சல் என்பது கணினி வழியாகவோ செல்போன் வழியாகவோ போகும் கடிதம். இமெயில் என்றும் சொல்வார்கள். தபால் கடிதத்துக்கு முகவரி வேண்டும் அல்லவா? இதற்கும் வேண்டும்.

தபால் முகவரியில் கடைசியில் பின்கோடு எழுதுகிறோம். பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதில் ஆறு எண்கள். 411 என்று தொடங்கினால் புனே. 600 என்று தொடங்கினால் சென்னை. தபால் பிரிப்பவர் முதலில் பின்கோட்டைத்தான் பார்ப்பார். பிறகு தெரு. பிறகு வீடு. கடைசியில்தான் ஆளின் பெயர்.

மின்னஞ்சல் முகவரியும் அப்படித்தான். நடுவில் @ என்று ஒரு குறி இருக்கும். இதை "அட்" என்று படிக்க வேண்டும். இந்தக் குறிக்கு வலது பக்கம் இருப்பது தபால் நிலையம் போன்றது. இடது பக்கம் இருப்பது பெட்டியின் பெயர்.

1971ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் இந்தக் குறியை முகவரியில் பயன்படுத்தினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேவைப்பட்டது. யாருடைய பெயரிலும் வராத குறியாக இருக்க வேண்டும். அதனால் @ குறியைத் தேர்ந்தெடுத்தார். இன்று உலகம் முழுவதும் அதே குறிதான்.

புனேயின் பழைய முகவரி

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் அதைத் தொடங்கியது. புனே மக்களுக்கு இந்த நிறுவனம் புதிதல்ல. புனே மாவட்டத்தில் ஆர்வி என்று ஒரு ஊர் உண்டு. அங்கே 1971ல் ஒரு பெரிய செயற்கைக்கோள் நிலையம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொலைபேசிப் பேச்சுகள் அதன் வழியாகப் போய் வந்தன. பிற்காலத்தில் அது வி.எஸ்.என்.எல். கையில் இருந்தது.

இணையம் முதலில் பெரிய நகரங்களுக்கு மட்டும் வந்தது. புனேக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. அன்று புனேயில் இணைப்பு வாங்கியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. @ குறிக்குப் பிறகு அதில் என்ன இருந்தது தெரியுமா?

ஜியாஸ்பிஎன்01.விஎஸ்என்எல்.நெட்.இன்

படிக்கவே மூச்சு வாங்குகிறது! இதை வலது பக்கத்திலிருந்து பிரித்துப் படித்தால் புரியும். "இன்" என்றால் இந்தியா. "நெட்" என்றால் வலைப்பின்னல். "விஎஸ்என்எல்" நிறுவனத்தின் பெயர். "ஜியாஸ்" அந்தச் சேவையின் பெயர். "பிஎன்" என்றால் புனே. "01" ஓர் எண்.

சென்னைக்காரர்களின் முகவரியில் "பிஎன்" வராது. "எம்டி" என்று வரும். எம்டி என்றால் மெட்ராஸ். 1996ல் ஊரின் பெயர் சென்னை என்று மாறியது. முகவரியில் உள்ள எம்டி அதற்காக மாறிவிடவில்லை.

இந்த முகவரி கணினிக்கு வசதி. மனிதருக்குத் தொல்லை. ஒரு எழுத்து தவறினாலும் கடிதம் போய்ச் சேராது. தொலைபேசியில் இந்த முகவரியைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் எழுதி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

புனேயில் இன்னொரு முகவரியும் இருந்தது. அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம் இருக்கிறது. 1988ல் தொடங்கப்பட்டது. வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் அதன் முதல் இயக்குநர். கல்வி நிறுவனங்களை இணைக்க அரசு எர்நெட் என்ற வலைப்பின்னலை அமைத்திருந்தது. அதனால் 1990களில் ஐயூகா விஞ்ஞானிகளின் முகவரி "ஐயூகா.எர்நெட்.இன்" என்று முடிந்தது. பிற்காலத்தில் "ஐயூகா.இன்" என்று சிறியதாகிவிட்டது.

இப்படி முகவரி மாறும்போது ஒரு சிக்கல் வரும். உலகம் முழுவதும் பலரிடம் பழைய முகவரி இருக்கும். அவர்கள் பழைய முகவரிக்கே எழுதுவார்கள். அந்தக் கடிதங்கள் என்ன ஆகும்?

வீடு மாறும்போது தபால் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். "பழைய முகவரிக்கு வரும் கடிதத்தைப் புது முகவரிக்கு அனுப்புங்கள்" என்று எழுதிக் கொடுக்கிறோம். கணினியிலும் இப்படி எழுதி வைக்கலாம். "இந்தப் பெயருக்கு எது வந்தாலும் அந்தப் பெட்டியில் போடு" என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரிதான் மாற்றுப் பெயர்.

பெயர் ஒன்று, வேலை ஒன்று

அலுவலகங்களில் மாற்றுப் பெயருக்கு இன்னொரு பயன் உண்டு.

ஒரு பள்ளிக்கூடம். அதன் தலைமை ஆசிரியர் இன்று ஒருவர். அடுத்த ஆண்டு வேறொருவர். ஆளின் பெயரில் முகவரி இருந்தால் ஆள் மாறும்போது முகவரியும் மாறும். "தலைமை ஆசிரியர்" என்றே ஒரு முகவரி இருந்தால்? இன்றைய தலைமை ஆசிரியரின் பெட்டிக்கு அதைத் திருப்பிவிடலாம். நாளை வருபவரின் பெட்டிக்கு மாற்றிவிடலாம். பெற்றோர்களுக்கு ஒரே முகவரிதான்.

ஒரு பெயருக்கு வரும் கடிதத்தைப் பலருக்கும் அனுப்பலாம். மகாராஷ்டிரத்தில் பெண்களின் சேமிப்புக் குழுவைப் "பசத் கட்" என்பார்கள். நம் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு. பன்னிரண்டு பேர் உள்ள குழுவுக்கு ஒரே பெயரில் ஒரு முகவரி இருக்கலாம். அந்த முகவரிக்கு ஒரு கடிதம் வந்தால் பன்னிரண்டு பேருக்கும் ஒவ்வொரு நகல் போகும். "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று பின்னால் யாரும் வருத்தப்பட வேண்டாம்.

மின்னஞ்சல் உலகத்தில் ஒரு பெயர் எல்லா இடத்திலும் இருந்தே ஆக வேண்டும் என்று விதி உண்டு. அது என்ன பெயர் தெரியுமா? "போஸ்ட்மாஸ்டர்"! மின்னஞ்சல் நிலையம் நடத்தும் ஒவ்வொரு இடமும் போஸ்ட்மாஸ்டர் என்ற பெயருக்கு வரும் கடிதத்தை ஏற்க வேண்டும். 1982ல் எழுதிய விதியிலேயே இது இருக்கிறது. உண்மையில் போஸ்ட்மாஸ்டர் என்று ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க மாட்டார். அது ஒரு மாற்றுப் பெயர். அந்த வேலையைப் பார்ப்பவரின் பெட்டிக்கு அது போய்ச் சேரும். தபால் நிலையம் கணினிக்குள் போன பிறகும் போஸ்ட்மாஸ்டர் போகவில்லை!

தொலைந்து போன கடிதம்

இப்போது கட்கி அம்மாவிடம் திரும்பிப் போகலாம்.

அவர் சின்ன வயதில் பள்ளிக்குப் போனதில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது பெயர்ப்பலகை படிப்பார். கணக்கு எழுதுவார். செல்போனில் வரும் செய்தியையும் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

வீட்டுக்கு ஒரே ஒரு செல்போன். ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. மகள்தான் அதை உண்டாக்கிக் கொடுத்தாள். வங்கிக்கு அந்த முகவரி. சமையல் எரிவாயுவுக்கு அந்த முகவரி. மின் கட்டணத்துக்கு அதே முகவரி. துணிக்கடையில் கேட்டார்கள், கொடுத்தார்கள். செருப்புக் கடையில் கேட்டார்கள், கொடுத்தார்கள்.

பெட்டி நிரம்பத் தொடங்கியது. "இன்று மட்டும் தள்ளுபடி." "உங்களுக்குப் பரிசு." "கடன் வேண்டுமா?" ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கடிதங்கள். அம்மா திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டாள். கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ்களுடன் வரவும்" என்று அதில் இருந்தது. அந்தக் கடிதம் விளம்பரக் கடிதங்களுக்கு நடுவே கிடந்தது. அவர்கள் அதைப் பார்த்தது திங்கட்கிழமை.

முதல் சுற்றில் அவளுக்கு வந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இரண்டாம் சுற்றில்தான் இடம் கிடைத்தது. நடுவில் பதினைந்து நாள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

"படிக்கத் தெரியாத காலத்தில் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இப்போது படிக்கத் தெரிகிறது. ஆனால் கடிதம் எங்கே என்று தெரியவில்லை" என்றார் அம்மா.

"கடிதத்தைத் தனித்தனியாப் பிரிச்சு வைக்கலாம்மா. அதுக்கு ஒரு வழி இருக்கு" என்றாள் மகள்.

கூட்டல் குறி செய்யும் வேலை

மகள் சொன்ன வழி சுலபமானது.

அம்மாவின் முகவரி "தையல்கடை@அஞ்சல்" என்று வைத்துக்கொள்ளுங்கள். "அஞ்சல்" என்ற இடத்தில் உண்மையில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதியிருக்கிறது. செல்போனில் ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும்.

ஜிமெயில் போன்ற சில சேவைகளில் பெட்டியின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போடலாம். அதற்குப் பின்னால் விருப்பமான ஒரு சொல்லைச் சேர்க்கலாம். இதைப் பாருங்கள்:

தையல்கடை+கல்லூரி@அஞ்சல்
தையல்கடை+வீடு@அஞ்சல்
தையல்கடை+கடைவீதி@அஞ்சல்

மூன்றும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ள சொல்லை அஞ்சல் நிலையம் பெட்டியைக் கண்டுபிடிக்கப் பார்ப்பதில்லை. ஆனால் கடிதத்தின் மேல் அந்தச் சொல் அப்படியே இருக்கும். இதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம். பணம் கட்ட வேண்டாம். முகவரி கேட்கும் இடத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தால் போதும்.

"கல்லூரிக்கு ஒரு பேரு. கரண்ட், கேஸ் இதுக்கெல்லாம் ஒரு பேரு. விளம்பரம் அனுப்புற கடைக்கு ஒரு பேரு. இவ்வளவுதாம்மா" என்றாள் மகள்.

"அப்போ மாவ்ஷின்னு கூப்பிட்டா பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு தெரியுற மாதிரிதானே?"

"அதேதாம்மா!"

தானாகப் பிரிக்கும் அலமாரி

பெயர் வைத்தால் மட்டும் போதாது. பிரித்து வைக்கவும் வேண்டும். பெரிய தபால் நிலையத்தில் சின்னச் சின்ன அறைகள் கொண்ட அலமாரி இருக்கும். தெருவாரியாகக் கடிதங்களைப் பிரித்துப் போடுவார்கள். மின்னஞ்சல் பெட்டியிலும் அப்படி ஓர் அலமாரி செய்யலாம். ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். பிறகு அது தானாகவே பிரிக்கும்.

ஜிமெயிலில் இதைக் கணினியில் செய்வது நல்லது. மகள் பக்கத்தில் இருந்த கணினி மையத்துக்கு அம்மாவை அழைத்துப் போனாள். அவர்கள் செய்தது இதுதான்:

1. ஜிமெயிலைத் திறந்தார்கள். மேலே தேடும் கட்டம் இருந்தது. அதன் ஓரத்தில் உள்ள சின்னக் குறியை அழுத்தினார்கள். ஒரு படிவம் வந்தது.

2. "யாருக்கு வந்தது" என்று கேட்கும் இடத்தில் "தையல்கடை+கல்லூரி" என்ற முகவரியை முழுதாக எழுதினார்கள்.

3. வடிகட்டி உண்டாக்கு என்ற பொத்தானை அழுத்தினார்கள். வடிகட்டி என்றால் ஃபில்டர். டீயை வடிகட்டுவது போலக் கடிதத்தை வடிகட்டும்.

4. என்ன செய்ய வேண்டும் என்று கணினி கேட்டது. "கல்லூரி" என்று ஒரு சீட்டு ஒட்டச் சொன்னார்கள். இந்தச் சீட்டுக்கு லேபிள் என்று பெயர்.

இதேபோல "வீடு" என்று ஒரு சீட்டு. "கடைவீதி" என்று ஒரு சீட்டு. கடைவீதிக் கடிதங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டாம், உள்ளே போய்விடட்டும் என்றும் சொல்லி வைத்தார்கள்.

பிறகு கல்லூரியிலும் மற்ற இடங்களிலும் கொடுத்திருந்த பழைய முகவரியை மாற்றிப் புதுப் பெயர்களைக் கொடுத்தார்கள். இதற்கு இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு அம்மா தினமும் காலையில் "கல்லூரி", "வீடு" என்ற இரண்டு சீட்டுகளை மட்டும் திறந்து பார்க்கிறார். ஐந்து நிமிடம் போதும். கடைவீதிச் சீட்டைத் தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது திறந்தால் போதும்.

அனுப்பும்போது எந்தப் பெயர்?

கடிதம் வாங்க இது சரி. கடிதம் அனுப்பும்போது என்ன ஆகும்?

இங்கே பலர் ஏமாந்துபோவார்கள். மாற்றுப் பெயருக்கு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதினால் பதில் பெரும்பாலும் உண்மையான முகவரியிலிருந்துதான் போகும். மாற்றுப் பெயரிலேயே பதில் போக வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஜிமெயிலின் அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதி இருக்கிறது. அங்கே மாற்றுப் பெயரைச் சேர்க்கலாம். பிறகு கடிதம் எழுதும்போது "அனுப்புநர்" என்ற இடத்தில் எந்தப் பெயர் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம்.

வேறு சில சேவைகளில் கூட்டல் குறி இல்லாமலே முழுப் புதுப் பெயர் தருவார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் சேவையில் ஒரே பெட்டிக்கு வேறு வேறு பெயர்கள் சேர்க்கலாம். தேவை முடிந்ததும் ஒரு பெயரை எடுத்துவிடலாம். அந்தப் பெயருக்குப் பிறகு யார் எழுதினாலும் கடிதம் வராது. மற்றப் பெயர்கள் அப்படியே இருக்கும். பழைய வீட்டில் ஒரு கதவை மட்டும் பூட்டுவது போல.

பொய்க் கடிதம் பிடிபட்டது

ஒரு நாள் அம்மாவின் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. வங்கியின் பெயர் போட்டிருந்தது. "உங்கள் கணக்கு இன்று இரவு முடக்கப்படும். உடனே இங்கே அழுத்தி விவரங்களைக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தது.

அம்மாவுக்குக் கை நடுங்கியது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

அவசரப்படாமல் கடிதத்தின் மேல் பகுதியைப் படித்தார். யாருக்கு வந்திருக்கிறது? எழுத்துக் கூட்டிப் படித்தார். "தையல்கடை+கடைவீதி" என்று இருந்தது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பேரைத் துணிக்கடைக்குத்தானே கொடுத்தோம்? வங்கிக்குக் கொடுக்கவே இல்லையே! வங்கிக்கு இது எப்படித் தெரியும்?"

வங்கி அனுப்பிய கடிதம் அல்ல அது. ஏதோ ஒரு கடையில் கொடுத்த முகவரி வேறு யார் கைக்கோ போயிருக்கிறது. அவர்கள் வங்கியின் பெயரைப் போட்டு வலை விரித்திருக்கிறார்கள். அம்மா எதையும் அழுத்தவில்லை. கடிதத்தை அழித்துவிட்டார்.

கல்லூரிக் கடிதம் தொலைந்த நாளில் வராத தைரியம் இன்று அவருக்கு வந்தது. ஒரே ஒரு சொல்லைப் படித்ததால் வந்த தைரியம் அது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தவறான பெயருக்கு வந்தால் சந்தேகப்பட வேண்டும். சரியான பெயருக்கு வந்துவிட்டதாலேயே உண்மை என்று நம்பிவிடக் கூடாது. சரியான பெயரும் திருட்டுப் போகலாம். எந்த வங்கியும் ரகசிய எண்ணையோ ஓடிபி எண்ணையோ கேட்காது. சந்தேகம் வந்தால் வங்கிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இணையக் குற்றங்களைப் பற்றிப் புகார் செய்ய இந்தியா முழுவதும் இந்த எண்தான்.

கவனிக்க வேண்டியவை

மாற்றுப் பெயர் நல்ல வசதி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

கூட்டல் குறி முகமூடி அல்ல. "தையல்கடை+கடைவீதி" என்று இருந்தால் உண்மையான பெயர் "தையல்கடை" என்று யாரும் கண்டுபிடிக்கலாம். பிரித்து வைக்க அது உதவும். ஒளிந்துகொள்ள உதவாது.

சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. "தவறான முகவரி" என்று சொல்லும். அங்கே வழக்கமான முகவரியைக் கொடுக்க வேண்டியதுதான்.

எல்லாச் சேவையிலும் இது நடக்காது. முதலில் தனக்குத்தானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்க வேண்டும். வந்து சேர்ந்தால்தான் அந்தப் பெயரைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

ஜிமெயிலில் பெயருக்கு நடுவே உள்ள புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிதான். மற்றச் சேவைகளில் அப்படி இல்லாமல் போகலாம். அதனால் புள்ளியைப் பார்த்து எழுத வேண்டும்.

எந்தப் பெயரை எங்கே கொடுத்தோம் என்பது மறந்துபோகும். அதைக் குறித்து வைக்க வேண்டும். பெயர்களும் அளவோடு இருக்க வேண்டும். மூன்று, நான்கு போதும். முப்பது பெயர் வைத்தால் பழைய குழப்பம் புது வடிவத்தில் வந்துவிடும்.

தமிழிலேயே முகவரி

"முகவரியை ஏன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? தமிழில் எழுதக் கூடாதா?" என்று அம்மா கேட்டார்.

நியாயமான கேள்வி. இதற்கும் புனேக்கும் தொடர்பு உண்டு. சி-டாக் என்ற அரசு கணினி நிறுவனம் 1988ல் புனேயில் தொடங்கப்பட்டது. 1991ல் பரம் 8000 என்ற அதிவேகக் கணினியை உருவாக்கிப் பெயர் பெற்றது. கணினியில் இந்திய மொழிகளை எழுதவும் படிக்கவும் அங்கே பல ஆண்டுகளாக வேலை நடக்கிறது.

ஆங்கிலம் அல்லாத எழுத்திலும் மின்னஞ்சல் முகவரி இருக்கலாம் என்று 2012ல் உலக அளவில் விதிகள் வகுத்தார்கள். 2014ல் தேவநாகரி எழுத்தில் ".பாரத்" என்று முடியும் இணைய முகவரிகள் வந்தன. தமிழில் ".இந்தியா" என்று முடியும் முகவரியும் உண்டு. 2016ல் ஜெய்ப்பூர் நிறுவனம் ஒன்று இந்திய மொழிகளில் மின்னஞ்சல் முகவரி கொடுக்கத் தொடங்கியது. தமிழும் அதில் இருந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் முகவரியை ஏற்றுக்கொள்வதில்லை. இங்கேயும் மாற்றுப் பெயர்தான் கைகொடுக்கிறது. ஒரே பெட்டிக்குத் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைக்கலாம். தமிழை ஏற்கும் இடத்தில் தமிழ்ப் பெயர். ஏற்காத இடத்தில் ஆங்கிலப் பெயர். கடிதம் ஒரே பெட்டிக்கு வந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

அம்மாவின் தையல் இயந்திரத்துக்குக் கீழே ஒரு இழுப்பறை இருக்கிறது. அதில் ஊசி ஒரு பக்கம். நூல் ஒரு பக்கம். பொத்தான் ஒரு பக்கம். இருட்டில் கைவிட்டாலும் வேண்டியதை எடுத்துவிடுவார்.

அந்த இழுப்பறையில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. முதல் பக்கத்தில் அம்மா தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்:

கல்லூரி – மகள் படிப்பு.
வீடு – கரண்ட், கேஸ்.
கடைவீதி – துணிக்கடை, செருப்புக் கடை.
வங்கிக்கு – வழக்கமான பெயர். வேறு எங்கும் புதிதாகக் கொடுக்கக் கூடாது.

நான்கே வரிகள். அவற்றை எழுத அவருக்கு அரை மணி நேரம் ஆனது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்.

இனி யார் முகவரி கேட்டாலும் அவர் உடனே சொல்லிவிட மாட்டார். "இவருக்கு எந்தப் பெயரைக் கொடுக்கலாம்?" என்று ஒரு நிமிடம் யோசிப்பார். நம் வீட்டில் யார் எந்த வாசலில் வர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது நாம்தானே!

சிந்தித்துப் பாருங்கள்

1. உங்களை எத்தனை பெயர்களில் கூப்பிடுகிறார்கள்? ஒவ்வொரு பெயரையும் யார் சொல்கிறார்கள்?

2. கட்கி அம்மா பொய்க் கடிதத்தை எப்படிக் கண்டுபிடித்தார்?

3. உங்கள் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்தால் என்ன பெயர் வைப்பீர்கள்?

4. உங்களுக்கு முக்கியமான கடிதங்கள் எங்கிருந்து வரும்? ஒரு நோட்டில் எழுதுங்கள்.